வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஹெலிகாப்டர் நிறுத்தினால் உயிர்கள் பிழைக்குமா?

மார்ச் 27, இரவு

வாசகர் ஒருவர் எழுதியிருப்பது இது: "வெள்ளியங்கிரி மலையில் ஒவ்வோர் ஆண்டும் பக்தர்கள் இறக்கிறார்கள். கோவை பக்கத்தில்தான் இருக்கிறது. சூலூரில் விமானப்படைத் தளமே இருக்கிறது. சீசன் முடியும்வரை அடிவாரத்துப் பூண்டியில் ஒரு ஹெலிகாப்டரை நிறுத்தி வைத்தால் எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். அரசுக்கு மனம் இல்லை, அவ்வளவுதான்."

அரசுக்கு மனம் இருக்கிறதா என்பதைப் பிறகு பேசலாம். ஹெலிகாப்டர் காப்பாற்றாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த மலையில் யார், எப்படி இறக்கிறார்கள் என்று பாருங்கள். பாறையிலிருந்து உருண்டு விழுந்தவர்களும் உண்டு. ஆனால் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது மூச்சுத் திணறலும் மாரடைப்பும். 2024 மார்ச் கடைசி வாரத்தில் அடுத்தடுத்து மூன்று பேர் இறந்தபோதும் இதைத்தான் படித்தோம். இதயம் நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். அதற்குள் சூலூரில் விமானி இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்கூடப் போட்டிருக்க மாட்டார். ஏழு மலைகளைக் கடந்து ஏறும் பாதை அது. மரங்கள் அடர்ந்த இரண்டாம் மலையிலோ மூன்றாம் மலையிலோ அவர் எங்கே இறங்குவார்?

அந்த நான்கைந்து நிமிடங்களில் உயிர் இருப்பது பக்கத்தில் நிற்பவரின் இரண்டு கைகளில்தான். மார்பின் நடுவில் கை வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூற்றிலிருந்து நூற்றிருபது முறை அழுத்தத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். லட்சக்கணக்கானோர் ஏறும் மலையில் அது தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கேட்க வேண்டிய கேள்வி இது.

மார்ச் 28, காலை

"ஏழாவது மலையில் ஆக்சிஜன் கிடையாது, அதனால்தான் சாகிறார்கள்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். வெள்ளியங்கிரியின் உச்சி சுமார் ஆறாயிரம் அடி. ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல். அங்கே குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், தாத்தாக்கள் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறார்கள்.

ஆளைக் கொல்வது ஏறுகிற விதம். பகலெல்லாம் பஸ்ஸிலோ வேனிலோ பயணம். தூக்கம் கிடையாது. இரவு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, சூரிய உதயத்துக்கு உச்சியில் நிற்க வேண்டும் என்று பத்து மணிக்கு மேல் ஏறத் தொடங்குகிறார்கள். முதல் மலையே செங்குத்தான கற்படிகள். வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பு, உடன் வந்த இளைஞர்களின் வேகத்துக்கு ஓடுகிறது. ஆறாவது மலையில் இறங்கி ஆண்டிச் சுனையில், வியர்த்த உடம்போடு, பனிபோன்ற தண்ணீரில் முழுகுகிறார்கள். இரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கும். இரத்த அழுத்தம் எகிறும். அந்த நிலையில், ஈரத்துணியோடு, ஏழாவது மலையின் ஏற்றத்தைத் தொடங்குகிறார்கள்.

இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை ஒவ்வொரு சீசனிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அடிவாரத்தில் பிளாஸ்டிக்குக்காகப் பையைச் சோதிக்கும்போது யாரும் முறைத்துக்கொள்வதில்லை. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் மட்டும் கோபம் வருகிறது.

மார்ச் 28, இரவு

"நேரில் பார்த்திருக்கிறீர்களா, இல்லை படித்ததை எழுதுகிறீர்களா?" என்று கேட்டவருக்கு.

பார்த்திருக்கிறேன். ஒரு மாசி மாதம். உச்சி தரிசனம் முடித்து ஐந்தாம் மலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். விடிந்து சற்று நேரமாகியிருந்தது. வெளியூர்க் குழு ஒன்று வழியில் வட்டமாக நின்றது. நடுவில் அறுபது வயதிருக்கும் ஒருவர் தரையில். "வாயுப் பிடிப்புதான்" என்று சொல்லி அவர் வாயில் இஞ்சி மரப்பாவைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நெஞ்சில் தைலம் தேய்த்தார். காற்று எலும்பைத் துளைக்கிற குளிரில் அந்த மனிதரின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பல் வலிக்கிறது என்றார்.

அந்த வியர்வையும் தாடை வலியும் போதும், அது வாயு அல்ல என்று தெரிந்துகொள்ள. இறங்கிவிடலாம் என்று அவரை எழுப்பி நடக்கவைக்கப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒரு செவிலியப் பெண் இருந்தார், நல்லவேளை. "ஓர் அடி எடுத்துவைக்கக் கூடாது" என்று அதட்டி உட்காரவைத்தார். பாறையில் முதுகு சாய்ந்து, முழங்கால் மடக்கி, அரைவாசி சாய்ந்த நிலையில். ஒவ்வாமை இல்லை, வயிற்றுப்புண் இல்லை என்று கேட்டுக்கொண்டு, தன் பையிலிருந்த ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார். சிக்னல் கிடைக்கும் பாறை முனைக்கு ஓடியது என் வேலை.

டோலி தூக்குபவர்கள் கீழேயிருந்து ஏறி வந்தார்கள். அடிவாரத்து ஊர்க்காரர்கள், ஒல்லியான உடம்பு, வெறுங்கால். ஒரு மூங்கிலையும் போர்வையையும் கொண்டு வந்திருந்தார்கள். போர்வையின் இரு முனைகளையும் மூங்கிலோடு சேர்த்துச் சுற்றி, முடிச்சுக்கு மேல் கயிற்றை எட்டுப் போல இழுத்துக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் ஒருவர் அதில் தானே படுத்து, மற்ற இருவரையும் தூக்கி ஆட்டச் சொன்னார். முடிச்சு நழுவவில்லை என்று பார்த்த பிறகுதான் நோயாளியைத் தொட்டார்கள். துண்டை நான்காக மடித்துத் தோளில் வைத்து, மூங்கிலை அதன்மேல் ஏற்றி, நான்கு பேர் முறைவைத்துத் தூக்கினார்கள். படியிறங்கும்போது முன்னால் போகிறவர் எண்ணிக்கொண்டே போனார், பின்னால் வருகிறவருக்குப் படி தெரியாது என்பதற்காக.

பூண்டிக்கு வந்தபோது உச்சி வெயில். 108 தயாராக நின்றது. அவர் பிழைத்தார். பிறகு அவருடைய மகன் தொலைபேசியில் பேசினார்.

மார்ச் 30

டோலி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, பூண்டிப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் அழைத்தார். டோலிக்காரர்களை எனக்கு அறிமுகப்படுத்தியவரே அவர்தான். ஐந்தாம் மலையிலிருந்து தூக்குவது சுலபம், ஏழாவது மலையிலிருந்து தூக்கும் கதையை எழுதுங்கள் என்றார்.

உண்மைதான். ஏழாவது மலையிலிருந்து ஆண்டிச் சுனைக்கு இறங்கிய பிறகு, ஆறாவது மலையை மேல்நோக்கி ஏறினால்தான் திரும்பும் வழி. எழுபது கிலோ மனிதரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். தலைப்பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்பதால், ஏற்றம் வரும்போது டோலியையே திருப்புவார்களாம். ஒற்றையடிப் பாதையில், எதிரே "சிவ சிவ" என்று கூட்டம் ஏறி வரும்போது.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. உயிரோடு இறக்கப்பட்டவரின் குடும்பம் கையில் கிடைத்ததைக் கொடுக்கும். இறந்தவரை இறக்கிவிட்டு அழுகிற குடும்பத்திடம் கூலி கேட்க இவர்களுக்கு வாய் வராது. சில நாட்களில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

ஹெலிகாப்டரை நிறுத்தி வைக்கிற செலவில், சீசன் முழுக்க இவர்களுக்குத் தினக்கூலி கொடுத்து, இரண்டாம் மலையிலும் ஐந்தாம் மலையிலும் ஆளுக்கொரு முறை வைத்து உட்காரவைக்கலாம். போர்வைக்குப் பதில் மடக்கு ஸ்ட்ரெச்சர், முதலுதவிப் பயிற்சி, வயர்லெஸ் கருவி கொடுக்கலாம். என் கோரிக்கை இதுதான். இன்னும் பத்து முறை எழுதுவேன்.

ஏப்ரல் 2

"மலம்புழாவில் ராணுவம் காப்பாற்றியதே, அப்போது ஹெலிகாப்டர் இல்லையா?" நல்ல கேள்வி. அதை முழுவதும் சொன்னால் என் கட்சிதான் வலுக்கும்.

2022 பிப்ரவரி 7. பாலக்காடு மலம்புழாவுக்குப் பக்கத்தில் குரும்பாச்சி மலை. செராடைச் சேர்ந்த 23 வயது இளைஞர் இறங்கும்போது வழுக்கி, செங்குத்துப் பாறையில் ஒரு சிறு பிளவில் போய்ச் சிக்கினார். உடன் வந்த நண்பர்கள் மரக்கொம்பும் கொடியும் போட்டுப் பார்த்து முடியாமல், கீழே போய்ச் சொன்னார்கள். அவரே தான் சிக்கியிருக்கும் இடத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினார். அந்தப் படத்தை வைத்துத்தான் இடத்தைப் பிடித்தார்கள்.

கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் வந்தது. பாறைச் சுவரில் மோதித் திரும்பும் காற்றில் நெருங்க முடியாமல் திரும்பிப் போனது. செங்குத்துப் பாறையை ஒட்டி ஹெலிகாப்டர் நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இறக்கையின் நுனி பாறையில் பட்டால் உள்ளே இருப்பவர்களும் போவார்கள், பிளவில் உட்கார்ந்திருப்பவரும் போவார். அது கிளப்பும் காற்றே அவரைத் தள்ளிவிடலாம்.

கடைசியில் வந்தவர்கள் நீலகிரியில் வெலிங்டனிலிருந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களும், பெங்களூரிலிருந்து பாராசூட் ரெஜிமென்ட்டின் மலையேற்ற வீரர்களும். லெப்டினன்ட் கர்னல் ஹேமந்த் ராஜ் தலைமை. இரவோடு இரவாக நடந்து மலை உச்சிக்குப் போய், அங்கிருந்து கயிற்றில் ஒருவர் இறங்கினார். அந்த இளைஞருக்குக் கொடுத்த முதல் பொருள் தண்ணீர். நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு சொட்டு இல்லாமல், பகலில் பாறையின் சூட்டிலும் இரவில் குளிரிலும் இருந்தவர். பிறகு பெல்ட்டை மாட்டி, தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மேலே ஏற்றினார். 9ஆம் தேதி காலை. மேலே வந்ததும் அந்தப் பையன் வீரர்களுக்கு முத்தம் கொடுத்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

ஹெலிகாப்டர் அதற்குப் பிறகு வந்தது. திறந்த உச்சியிலிருந்து அவரைக் கஞ்சிக்கோட்டுக்குக் கொண்டுபோனது. பாறையிலிருந்து எடுத்தது கயிறும் ஆளும்.

ஏப்ரல் 3

இமயமலையில் ஹெலிகாப்டர்தானே காப்பாற்றுகிறது என்று ஒருவர் கேட்டுவிட்டார். சரி, நியாயம். 2024 ஜூனில் உத்தராகண்டில் சஹஸ்திர தால் என்ற மலை ஏரிப் பாதையில், பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த 22 பேர் பனிப்புயலில் சிக்கி, 9 பேர் இறந்தார்கள். மிஞ்சியவர்களை ஹெலிகாப்டர்கள்தான் பெரும்பாலும் இறக்கின. நடந்து போனால் நாட்கணக்காகும் இடம் அது. மரமில்லாத திறந்த வெளி. அப்படிப்பட்ட இடத்தில் ஹெலிகாப்டர் இல்லாமல் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் புயல் அடிக்கும்போது அது பறக்கவில்லை. இறந்தவர்கள் இறந்தது அந்த நேரத்தில்தான்.

ஏப்ரல் 5, நள்ளிரவு

தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீ பற்றி யாரும் எழுதவில்லையே என்று காத்திருந்தேன். நானே எழுதுகிறேன்.

2018 மார்ச் 11, ஞாயிறு. சென்னையிலிருந்து மகளிர் தினத்தையொட்டி வந்த குழு ஒன்று, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து வந்த குழு ஒன்று. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில், பிற்பகலில், காட்டுத்தீ சூழ்ந்தது. ஒன்பது பேர் அங்கேயே போனார்கள். தீக்காயத்தோடு இறக்கப்பட்டவர்கள் தேனியிலும் மதுரையிலும் பிற ஊர் மருத்துவமனைகளிலும் ஒருவர் பின் ஒருவராக இறந்து, எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

முதலில் ஏறியது யார்? குரங்கணி ஊர்க்காரர்கள், தோட்டத் தொழிலாளர்கள், வனக்காவலர்கள். போர்வையிலும் சேலையிலும் கட்டித்தான் இறக்கினார்கள். அன்று மாலையே விமானப்படைக்கு உத்தரவு போனது, உண்மை. ஆனால் சரிவு, புகை, இருட்டு. அந்த இரவு முழுக்கத் தீக்காயத்தோடு தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த ஊர் ஆட்கள்.

அந்தச் செய்திகளை அன்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உறவினர் பெண் ஒருத்தி அதே வாரம் வேறொரு மலைக்குப் போயிருந்தாள். அவள் கைபேசி எடுக்கும்வரை நான் இருந்த நிலையை எழுத முடியாது. எடுத்தாள். பேச்சு வராமல் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6

நேற்று எழுதியதில் வேண்டுமென்றே விட்ட ஒன்று. "ஏன் ஓடித் தப்பிக்கவில்லை?" என்று அப்போதும் கேட்டார்கள், இப்போது இங்கேயும் ஒருவர் கேட்டுவிட்டார்.

சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதனால் முந்த முடியாது. தீயின் வெப்பம் மேலே எழும்பி, எதிரே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். சரிவு பத்து பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் பாலபாடம். மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். அதற்குள் மேலே ஏறினாலும் தீ துரத்தும். கீழே பார்த்தால் புகை. பயத்தில் பள்ளத்தில் குதித்தவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் தகுதி இல்லை.

தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: புல் இல்லாத பாறை, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, ஓடைப் படுகை. இந்த மூன்றில் ஒன்றை நோக்கிப் பக்கவாட்டில் நகர வேண்டும். மேல்நோக்கி ஓடக் கூடாது. செயற்கை இழை உடை உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி நல்லது.

அதிகாரபூர்வ விசாரணை நடந்தது, ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில். அந்த ஆண்டே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளும் வந்தன. 2024 அக்டோபரில் அரசே தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை இணைய முன்பதிவோடு, வழிகாட்டிகளோடு திறந்தது. பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். இதை மனமாரப் பாராட்டுகிறேன். குரங்கணியில் மாண்டவர்கள் வாங்கிக்கொடுத்தது இது.

ஆனால் பாருங்கள்: பொழுதுபோக்காக மலையேறும் பத்துப் பேருக்கு வழிகாட்டி உண்டு. பக்தியோடு ஏறும் ஆயிரம் பேருக்கு யாரும் இல்லை. சாமி பார்த்துக்கொள்ளும் என்கிறோம். மலையில் இறந்தால் "கொடுத்து வைத்தவர்" என்கிறோம். வீட்டில் அந்த மனைவியிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஏப்ரல் 9

சதுரகிரிக்கு அடிக்கடி போகும் ஒரு மதுரை நண்பர், "எங்கள் மலையில் நெஞ்சுவலியைவிட ஓடைதான் எமன்" என்கிறார். சரியாகச் சொன்னார். தாணிப்பாறையிலிருந்து ஏறும்போது மாங்கனி ஓடையும் சங்கிலிப் பாறையும் கணுக்கால் தண்ணீர்கூட இல்லாமல் கிடக்கும். மேலே மழை பெய்தால் கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வரும். 2015 மே மாத அமாவாசையில் அப்படி வந்துதான் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கானோர் மேலே சிக்கினார்கள். தீயணைப்புத் துறையினர் இரு கரைக்கும் கயிறு கட்டி ஒவ்வொருவராகக் கடத்தினார்கள்.

தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், பூசைக்கு நேரமாகிறதென்று பார்க்காமல் கரையில் உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள். முழங்கால் உயர ஓட்டமே ஆளைச் சாய்க்கப் போதும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்தைப் பொறுக்க முடியாமல் கையைக் கோத்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஒருவர் வழுக்கினால் வரிசையே போகும்.

ஏப்ரல் 10

குறுகிய குறிப்பு. மலையில் ஆபத்து என்றால் விசிலை எப்படி ஊதுவது என்று கேட்டவருக்கு: நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும், பிறகு ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், மறுபடி ஆறு. பல நாடுகளின் மலைகளில் ஆபத்துக்கு அதுதான் குறி. டார்ச் ஒளியிலும் இதே கணக்கு. கத்தினால் அரை மணியில் தொண்டை கட்டிவிடும், விசிலுக்குக் கட்டாது. சிக்னல் பலவீனமாக இருந்தால் அழைத்துக்கொண்டே இருக்காதீர்கள், குறுஞ்செய்தி அனுப்புங்கள். அது சிறு இடைவெளி கிடைத்தாலும் போய்விடும். 112க்கு உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக இணைப்பு கிடைக்கலாம்.

ஏப்ரல் 14

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி தனியாக எழுதியிருந்தார். அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை இருக்கிறது, சித்ரா பௌர்ணமிக்கு வெள்ளியங்கிரி ஏறியே தீருவேன் என்கிறாராம். "தடுத்தால் பாவம் என்கிறார், என்ன செய்வது?" பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

தம்பி, அப்பாவைத் தடுக்க வேண்டாம். முதலில் டிரெட்மில் பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலே வரலாம், வெறும் சோர்வும் மூச்சிரைப்பும் மட்டும் தெரியலாம். அதனால் "எனக்கு வலி ஒன்றும் இல்லை" என்ற பேச்சை நம்பக் கூடாது. மருத்துவர் வேண்டாம் என்றால் பூண்டிக் கோயிலிலேயே அதே ஈசன்தான் இருக்கிறார். அங்கே உட்கார்ந்து தேவாரம் படித்துவிட்டு வரட்டும்.

சரி என்றால், பௌர்ணமிக் கூட்டத்தில் வேண்டாம். கூட்டத்தில் டோலி நகராது. சாதாரண வார நாளில், இரவு நன்றாகத் தூங்கி, விடிகாலையில் ஏறுங்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது, கையில் சர்க்கரை மிட்டாய் இருக்க வேண்டும். வெறுங்காலில் ஏறுவது வேண்டுதல் என்றால், இறங்கியதும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சர்க்கரையால் அவருக்குக் காயம் தெரியாமல் போகலாம். ஆண்டிச் சுனையில் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். நீங்கள் அவருக்குப் பின்னால் நடங்கள், முன்னால் நடந்தால் அவர் உங்களைப் பிடிக்க ஓடுவார். பேசிக்கொண்டே ஏறச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால் உட்காரவையுங்கள். பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால் ஏற்றம் அத்தோடு முடிந்தது.

முதல் மலை முடிவில் வெள்ளை விநாயகர் கோயில் இருக்கிறது. அங்கே அவர் முகத்தையும் உதட்டையும் நன்றாகப் பாருங்கள். வெளுத்திருந்தால் தேங்காயை அங்கேயே உடைத்துவிட்டு இறங்கிவிடுங்கள். டோலிக்காரர்களின் எண்ணைப் பூண்டியில் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு முன்பே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.